தம்பியோடு வந்த ஏரி

விடுமுறை முடிந்து மலையிறங்கியவனின் பின்னால் ஏரியும் கிளம்பி வந்தது. அதை முதலில் பார்த்தவர் சுற்றுலா வேன் ஓட்டுநர். பக்கக் கண்ணாடியில் சாலை முழுக்கத் தண்ணீராகத் தெரிந்ததும் அவர் வண்டியை ஓரங்கட்டினார். ஏரியும் நின்றது. ஆள் உயரத்துக்கு, ஓரம் சிந்தாமல், முன்னால் போகிற வண்டி நகரட்டும் என்று காத்திருக்கும் லாரியைப் போல நின்றது. அதன் மேல் ஒரு படகு, படகில் தூண்டிலோடு ஒரு பெண். விடிந்ததும் மீன் பிடிக்க வந்தவள், உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமலே பல கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வந்திருந்தாள். அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "உங்கள்ல யாரோ ஒருத்தர் பின்னாலதான் இது வருது. ஒவ்வொருத்தரா இறங்கி நடந்து காட்டுங்க" என்றாள். ஓட்டுநர் நடந்தார், ஒரு புதுமணத் தம்பதி நடந்தார்கள், ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் அவருடைய மைத்துனரும் நடந்தார்கள். ஏரி அசையவில்லை. கடைசி இருக்கையில் இருந்த, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கும் நகல் கடைக்காரன் இறங்கிச் சாலையின் இடது ஓரமாகப் போனான், ஏரி இடது பக்கம் சாய்ந்தது. வலது ஓரமாகப் போனான், வலது பக்கம் திரும்பியது. "சரி, நீங்கதான். மேல வரைக்கும் நடந்து வந்து இத விட்டுட்டுப் போயிருங்க, புண்ணியமாப் போகும்" என்றாள் படகுக்காரி. வேன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது. அவனுடைய பை அடுத்த வாரம் வேறொரு வேனில் மேலே வந்து சேர்ந்தது, பல் தேய்க்கும் பிரஷ் மட்டும் இல்லை.

அவன் விட்டுவிட்டுப் போகப் பார்க்காமல் இல்லை. மறுநாள் போனான், அந்த வாரக் கடைசியில் போனான், வெயில் காலம் பிறந்ததும் ஒருமுறை ஆட்டு லாரியில் வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு தடவையும் ஏரி பள்ளத்தை விட்டு எழுந்து, மீனும் பாசியுமாகப் பின்னால் வந்தது. ஏன் அவனை மட்டும் என்று அங்கே இன்றைக்கும் ஒத்த கருத்து இல்லை. மேலே வருகிற ஒவ்வொருவரும் கரையில் நின்று ஒரு கல்லையாவது தண்ணீரில் எறிவார்கள், அவன் ஒரு கல்லைக் கையில் எடுத்து, பார்த்து, திரும்பத் தரையிலேயே வைத்துவிட்டான், அதனால்தான் என்பது ஒரு கட்சி. அப்படியொன்றும் இல்லை, அவன் முகம் அதற்குப் பிடித்துவிட்டது, மனுஷனுக்கு மனுஷன் பிடித்துப்போவதற்கு என்ன காரணம் இருக்கிறது என்பது இன்னொரு கட்சி.

அந்த ஏரியை நம்பி இரண்டு ஊர்கள் இருந்தன. கரையில் இருந்தவர்கள் மீன் பிடிப்பவர்கள், வருகிறவர்களுக்குப் படகும் அறையும் வாடகைக்கு விடுபவர்கள். மலையின் உச்சியை ஒட்டி இருந்தவர்கள் ஆடு வளர்ப்பவர்கள், கம்பளம் நெய்பவர்கள். இவர்களைக் கரைக்காரர்கள் என்றும் மேட்டுக்காரர்கள் என்றும் சொல்வது வழக்கம். வெயில் காலத்தில் மேட்டில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. மேட்டுக்காரர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கீழே இறங்குவார்கள், ஆடுகள் வலைகளை மிதிக்கும், வாய்ச்சண்டையில் தொடங்கி மண்டை உடைவதில் முடியும். இரண்டு ஊரிலும் நெற்றியில் தழும்பு இல்லாத ஆண் பிள்ளை அபூர்வம். நகல் கடைக்காரன் வந்து தங்கிய பிறகு இந்தக் கதை முடிந்துபோயிற்று. மழைக் காலமும் குளிர் காலமும் அவன் கரையில் இருந்தான், ஏரியும் பள்ளத்தில் கிடந்தது. வெயில் தொடங்கியதும் அவன் ஒரு குடையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தான். ஏரி பின்னாலேயே ஏறிப் போய் மேய்ச்சல் நிலத்துத் தாழ்வில் படுத்துக்கொண்டது. கரைக்காரர்களும் தட்டுமுட்டுச் சாமான்களைப் படகுகளில் ஏற்றிக்கொண்டு அதன் மேலேயே போனார்கள். சில வருஷங்களில் இரண்டு ஊருக்கும் இடையே சம்பந்தம் செய்துகொள்கிற அளவுக்கு உறவு வளர்ந்துவிட்டது.

இவ்வளவும் அவனுடைய அக்காவுக்குத் தெரியாது. தெரியாது என்றும் சொல்ல முடியாது, அவன் ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தான், அவள் நம்பவில்லை. மலையில் ஒரே ஒரு பாறையின் மேல் ஏறி நின்றால்தான் போன் பேச முடியும். அங்கிருந்து அவன், "அக்கா, ஏரி விட மாட்டேங்குதுக்கா" என்பான். குடித்திருக்கிறான் என்று முதலில் நினைத்தாள். பிறகு ஏரி என்பது யாரோ ஒருத்தியின் செல்லப் பெயராக இருக்கும் என்று நினைத்தாள். கடைசியில், வேலைக்குச் சோம்பேறித்தனப்பட்டு ஒருத்தன் எவ்வளவு தூரம் கற்பனை பண்ணுவான் என்பதற்குத் தன் தம்பியே உதாரணம் என்ற முடிவுக்கு வந்து, அதைப் பற்றிக் கேட்பதையே விட்டுவிட்டாள். ஆறு வருஷம் அப்படியே ஓடிப்போயிற்று.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தி வந்தாள். கடைத்தெருவில் ஒரு முன்னறை, சுவரில் சாலைக் குறிகள் போட்ட அட்டை, மேசைமேல் குறுக்கே அறுத்துவைத்த பழைய கியர் பெட்டி, வாசலில் இரண்டு பக்கமும் கிளட்சும் பிரேக்கும் வைத்த வெள்ளைக் கார். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் ஓட்டக் கற்றிருந்தார்கள். "கிளட்ச், கிளட்ச்" என்று அவள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும் என்பதால் கிளட்ச் டீச்சர் என்று பெயர் நிலைத்துவிட்டது. கல்யாணம் ஒன்று நடந்து, சீக்கிரமே முடிந்தும் போயிருந்தது. வீட்டில் அவளும் அம்மாவும்தான். தம்பிக்கு மட்டும் அவளால் ஓட்டக் கற்றுக்கொடுக்க முடியவில்லை. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னால் அவன் எஞ்சினை அணைத்துவிட்டு மன்னிப்புக் கேட்பான்.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதோடு எல்லாம் மாறியது. எலும்பு சரியாகக் கூடவில்லை. வண்டியில் ஏற்றக் கூடாது, குலுங்கக் கூடாது, படுத்தபடியே இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டீச்சர் ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பாள், துடைத்துவிடுவாள், ஊட்டிவிடுவாள், மறுபடி ஓடுவாள். ஒரு வருஷம் இப்படிப் போயிற்று. அம்மா வாய் மட்டும் படுக்கவில்லை. "அவன ஒரு தடவ பாத்துட்டாப் போதும். செத்தாக்கூட வர மாட்டானான்னு கேளு" என்று தினமும் காலையில் சொல்வாள். டீச்சர் போனில் கேட்டாள். அவன் அழுதுகொண்டே, "வந்தா அதுவும் வந்திருமேக்கா" என்றான். அன்றைக்கு அவள் முடிவெடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மாவை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு, பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு மலைக்குப் புறப்பட்டாள். காதைப் பிடித்து இழுத்து வருவது என்பதுதான் திட்டம்.

மலை ஏறி முடித்து, கரைக்காரர்களின் ஊரில் வண்டியை நிறுத்தியபோது அங்கே ஏரி இல்லை. பெரிய பள்ளம் இருந்தது, அதன் அடியில் ஈரம் காயாத சேறு இருந்தது, படித்துறை வெறும் காற்றில் இறங்கிப் போய் முடிந்தது. விடுதி வாசலில் பெட்டியோடு நின்ற சுற்றுலாப் பயணிகள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் விடுதிக்காரரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர், "நேத்துத்தாங்க மேட்டுக்குப் போச்சு. யார்கிட்டயாவது விசாரிச்சிட்டு வந்திருக்கலாம்ல" என்றார், வெளியூர் போன சொந்தக்காரரைப் பற்றிச் சொல்வது போல. டீச்சர் தம்பியின் அடையாளம் சொல்லி விசாரித்தாள். அதற்குள் ஒரு பெண் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, அவளை ஏற இறங்கப் பார்த்து, "வாங்க அண்ணி" என்றாள்.

உலகத்தில் அவளை அண்ணி என்று கூப்பிட ஒருத்திக்குத்தான் உரிமை, அது தம்பியின் பெண்டாட்டிக்கு. டீச்சர் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"எப்பலேர்ந்து?"

"நாலு வருஷமாச்சு. சொல்றேன் சொல்றேன்னே இருந்தாரு. ஏரியவே நம்பல, உன்ன எங்க நம்பப் போறாங்கன்னு விட்டுட்டாரு. உங்களக் கூட்டிட்டு வரத்தான் என்னை இங்க விட்டுட்டுப் போனாரு, பாறைல நிக்கறப்ப உங்க பக்கத்து வீட்டம்மா போன் பண்ணாங்களாம். உள்ள வாங்க, காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

அந்தக் காபியைக் குடித்தபடி டீச்சர் அவளைத் திட்டுவதற்கு வார்த்தை தேடினாள். தம்பியின் சட்டைகள் கொடியில் மடிப்புக் கலையாமல் தொங்கின. அவளுடைய பழைய போட்டோ ஒன்று, பயிற்சிக் காரின் மேல் சாய்ந்து நிற்பது, கண்ணாடி போட்டுச் சுவரில் இருந்தது. அன்றைக்கு ஏரியின் மேல் தூண்டிலோடு வந்த அதே படகுக்காரிதான் இவள்; அதைத் தினமும் துடைக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

மேட்டுக்குப் போகிற பாதை கார் போகிற பாதை அல்ல, ஆனால் டீச்சர் முதல் கியரிலேயே ஏற்றிவிட்டாள். மேய்ச்சல் நிலத்தில் ஏரி கிடந்தது. ஆடுகள் அதன் ஓரத்தில் வரிசையாக நின்று குடித்துக்கொண்டிருந்தன. தம்பி குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே வந்தான். ஒல்லியாக, கருத்து, ஆனால் நிமிர்ந்து வந்தான். அவன் இவளை நோக்கி நடக்க நடக்க, அவனுக்குப் பின்னால் ஏரி புல்லைத் தாண்டி, வேலியைத் தாண்டி, இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் வந்தது. அவன் நின்றதும் நின்றது. டீச்சர் அவன் தோளுக்கு மேலாக அதைப் பார்த்தாள். பிறகு அவன் காதைப் பிடிக்கத் தூக்கிய கையால் அவன் கன்னத்தைத் தொட்டாள்.

"சாப்பிடறியா ஒழுங்கா?"

"சாப்பிடறேன்க்கா. அம்மா எப்படி இருக்கு?"

"உன்னப் பாக்கணும்னு இருக்கு."

அவன் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். ஏரி அவன் முதுகுக்கு அருகில் வந்து, கால் நனையாத அளவு தள்ளி நின்றுகொண்டது.

இரண்டு ஊர்க்காரர்களும் மறுநாள் கம்பளக் கிடங்கில் கூடினார்கள். நெய்து முடித்த சுருள்கள் சுவர் வரை அடுக்கியிருந்த அந்த நீள அறையில் ஆண்களும் பெண்களும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். டீச்சர் எழுந்து விஷயத்தைச் சொன்னாள். அம்மாவை மேலே கொண்டுவர முடியாது, மலைப் பாதையின் குலுக்கல் அவளைக் கொன்றுவிடும். தம்பிதான் கீழே வர வேண்டும், வந்தால் ஏரியும் வரும், வரட்டும், ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பட்டும். மேட்டுக்காரர்களின் தரப்பில் பெரிய மந்தைக்காரர் ஒருவர் பேசினார். அவருக்கு நெற்றியில் இரண்டு தழும்பு. கீழே இருப்பவர்கள் ஏரியைப் பார்த்தால் சும்மா இருப்பார்களா, குழாய் போட்டு உறிஞ்சிவிட மாட்டார்களா, இறங்கின தண்ணீர் இவ்வளவு உயரம் திரும்ப ஏறும் என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். கேட்டது நியாயம்தான். அப்போது படகுக்காரி எழுந்து, "அவரு இங்க வந்ததுலேர்ந்து நம்ம யாருக்காவது மண்ட உடைஞ்சிருக்கா? அவரு அம்மாவப் பாக்கணும்ங்கிறாரு. இது கூட இல்லன்னா அவரு எதுக்கு இங்க இருக்கணும்?" என்றாள். மந்தைக்காரர் டீச்சரைப் பார்த்து, "தம்பியத் திருப்பி அனுப்புறேன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்" என்றார். அவள் சொன்னாள். சொல்லும்போதே, வீட்டுக்கு வந்து அம்மா மடியில் தலை வைத்துவிட்டால் அவன் எங்கே திரும்பப் போகிறான் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதை அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஏரியை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த விதம் பல ஊர்களில் இன்னும் பேசப்படுகிறது. தம்பியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்பதால் காரில் உட்கார வைத்துக்கொண்டாள் டீச்சர். முன்னால் பயிற்சிக் கார், கூரைமேல் 'எல்' போர்டு, இரண்டாவது கியர். பின்னால் ஏரி. சாலையின் அகலத்துக்குத் தன்னைச் சன்னமாக்கிக்கொண்டு, துணியை உருவுவது போல நீண்டு வந்தது. அதன் மேல் கரைக்காரர்களின் படகுகள், படகுகளில் மேட்டுக்காரர்களும் சில ஆடுகளும். கார் சமவெளியைத் தொட்ட பிறகும் ஏரியின் வால் மேய்ச்சல் நிலத்தை விட்டு நகரவில்லை. எதிரே வந்த பேருந்துகள் ஓரமாக ஒதுங்கின. போக்குவரத்துக் காவலர் ஒருவர் நாற்சந்தியில் மற்ற வண்டிகளையெல்லாம் நிறுத்திவைத்து, ஏரி முழுக்கக் கடந்து முடிக்கும்வரை கையை இறக்கவில்லை, அவருக்கு மறுநாள் தோள் வலி வந்தது. வழியில் டீச்சர் அவசரத்துக்குப் பிரேக் போட நேர்ந்தது ஒரே ஒரு முறை. ஏரி பம்பரை இடிக்காமல் நின்றது. "நான் சொல்லிக் குடுத்த ஒருத்தனுக்கும் இது வராது. இடைவெளி விட்டு வருது பாரு" என்றாள் தம்பியிடம்.

தெருவுக்குள் ஏரி வந்தபோது வீட்டு வாசல்களை அது தொடவில்லை. நடுவில் மட்டும் நின்றது. அம்மாவின் கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். தம்பி உள்ளே ஓடினான், ஏரி ஜன்னல் கம்பிவரை வந்து எட்டிப் பார்த்தது. அம்மா முதலில் மகனைத் தடவிப் பார்த்தாள், கன்னம், கழுத்து, முழங்கை என்று ஒவ்வொன்றாக. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "இதானா அது? அவ்ளோ தூரம் நடந்து வந்திருக்கு. காலக் கழுவிட்டு உள்ள வரச் சொல்லு" என்றாள். மருமகளைப் பார்த்தாள். "இவளையும் இப்பத்தான் காட்டணும்னு தோணுச்சாக்கும்" என்று மகனிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தக் கோபம் மாலை வரை தாங்கவில்லை.

அந்த ஒரு வாரம் ஊர் ஊராக இல்லை. வேலைக்குப் போகிறவர்கள் படகில் போனார்கள். தையல் கடைக்காரர் வாசலில் உட்கார்ந்து மீன் பிடித்தார். மந்தைக்காரர் பயிற்சிப் பள்ளியின் முன்னறையில் தங்கி, அறுத்துவைத்த கியர் பெட்டியைப் பொழுதெல்லாம் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அது தண்ணீர் தட்டுப்பாடு உள்ள ஊர். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று பழகினவர்கள் நகராட்சித் தலைவரைப் போய்ப் பார்த்தார்கள், நகராட்சித் தலைவர் டீச்சரைப் பார்க்க வந்தார். ஊருக்கு வெளியே பெரிய குளம் வெட்டித் தருகிறோம், தம்பிக்கு அலுவலகத்தில் வேலை போட்டுத் தருகிறோம், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர் இருந்துவிடுவார் என்றார். அவர் அவளிடம்தான் ஓட்டக் கற்றவர், எழுந்து நின்றே பேசினார். டீச்சர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். மலையில் கொடுத்த வார்த்தையை அவள் மறக்கவில்லை. ஆனாலும் காலையில் எழுந்தால் தம்பி பக்கத்து அறையில் இருமுகிற சத்தம், அம்மாவின் சிரிப்பு, அடுப்படியில் இன்னொரு பெண்ணின் வளையல் ஓசை. இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் கேட்டு எத்தனையோ காலமாகிறது. அவள் தம்பியிடம் போய் நகராட்சித் தலைவர் சொன்னதைச் சொன்னாள்.

"இருந்துரட்டுமா அக்கா? நீ சொல்லு. நீ என்ன சொன்னாலும் சரி" என்றான் அவன். அவன் எப்போதும் அப்படித்தான். அவளுக்கு ஆத்திரம் வந்தது. இரு என்று சொல்ல வாயைத் திறந்தவள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஏரி சற்று இளைத்திருந்தது. சமவெளி வெயில் அதற்குப் பழக்கமில்லை. படகில் மந்தைக்காரர் ஒரு கையால் ஆட்டுக்குட்டிக்கு நிழல் பிடித்துக்கொண்டு, யாரையும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அம்மாதான் பேசினாள். கட்டிலில் படுத்தபடியே இருவரையும் கூப்பிட்டாள்.

"அவன் போகட்டும். நானும் கூடப் போறேன்."

"வண்டில ஏறக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா."

"வண்டில யாருடி ஏறப் போறா? படகுல படுத்துக்குவேன். தண்ணி குலுங்குமா?"

டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு வருஷமா உன்னப் புரட்டினது நானு, தொடச்சது நானு. கூப்பிட்டா போறது மட்டும் அவனோட" என்றாள். குரல் தெருமுனை வரை போகவில்லை, கட்டிலைத் தாண்டவே இல்லை.

அம்மா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "அதனாலதான்டி போறேன். உன் கார விட நீதான் அதிகமா ஓடற. மத்தியானம் நீ நின்னுக்கிட்டே சாப்பிடறத நான் இந்தக் கட்டில்லேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன். அங்க இவன் இருக்கான், இவ இருக்கா. ரெண்டு பேரும் கொஞ்சம் புரட்டட்டும். நீ உக்காந்து சாப்பிடு." பிறகு, "வாரம் ஒருக்கா வராம இருந்துராத. வந்து என்னத் திட்டிட்டுப் போ" என்றாள்.

டீச்சர் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். கால் நகங்கள் வளர்ந்திருந்தன. நகவெட்டியை எடுத்துவந்து ஒவ்வொன்றாக வெட்டினாள். கடைசி விரல் முடிந்ததும் எழுந்துபோய் நகராட்சித் தலைவருக்கு போன் பண்ணி, முடியாது என்று சொன்னாள். அவர் வருத்தப்பட்டார். புறப்படும்போது மந்தைக்காரர் அவராகவே முன்வந்து, ஊரிலுள்ள தொட்டிகளையும் குடங்களையும் நிரப்பிக்கொள்ளச் சொன்னார். ஊர் நிரப்பிக்கொண்டது. ஏரிக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

கட்டிலோடு அம்மாவைத் தூக்கிப் பெரிய படகின் நடுவில் வைத்தார்கள். டீச்சர் மீண்டும் முன்னால் காரை ஓட்டினாள். இறங்கியதைவிட ஏரி ஏறியது சுலபமாக இருந்தது, வீடு திரும்புகிறோம் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். செங்குத்தான வளைவுகளில்கூட அம்மாவின் தலைமாட்டில் வைத்த தம்ளரில் தண்ணீர் தளும்பவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவள் தலையைத் திருப்பி, இவ்வளவு அழகான ஊரை இத்தனை நாள் காட்டாமல் வைத்திருந்தாய் என்று மகனைத் திட்டினாள். குளிர்ந்த காற்று பட்டதும் தூங்கிப்போனாள்.

அதன் பிறகு அம்மா மூன்று வருஷம் இருந்தாள். வெயிலில் மேட்டிலும் மற்றக் காலத்தில் கரையிலும், எங்கே ஏரியோ அங்கே படகில் கட்டில். இரண்டு ஊர்ச் சண்டைகளையும் படுத்தபடியே விசாரித்துத் தீர்ப்புச் சொன்னாள், தீர்ப்புகள் பெரும்பாலும் இரு தரப்புக்கும் திட்டாகவே இருந்தன. ஒரு பேரன் பிறந்தான், அவன் நடக்கப் பழகியது படகில். டீச்சர் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோனாள். சுற்றுலா வருகிறவர்கள் ஏரியில் ஒரு கிழவி கட்டில் போட்டுப் படுத்திருப்பதைப் பார்த்து விடுதிக்காரரிடம் விசாரிப்பார்கள். "அவங்களும் உங்கள மாதிரி சுத்திப் பாக்க வந்தவங்கதான்" என்பார் அவர். ஒரு மழைக்காலத்துக் காலையில் அம்மா கண் விழிக்கவில்லை. அன்றைக்கு ஏரியில் ஒரு அலைகூட இல்லை, மீன்கள் மேலே வரவில்லை. காரியமெல்லாம் முடியும்வரை கரைக்காரர்கள் வலைகளைத் தண்ணீர்ப் பக்கம் எடுத்துப் போகவில்லை.

டீச்சர் பத்து நாள் தங்கினாள். கடைசி நாள் தம்பி, "இங்கயே இருந்துரு அக்கா" என்றான். "ஊர்ல பாதிப் பேருக்கு இன்னும் ரிவர்ஸ் வரலடா" என்றாள் அவள். தம்பி மனைவி கருவாட்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். மந்தைக்காரர் ஒரு கம்பளத்தைப் பின் சீட்டில் போட்டார். அவள் யாரையும் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தாள். பூட்டிக் கிடக்கும் வீட்டின் சாவி பையில் இருந்தது, அதன் நினைவு வந்ததும் காரை இன்னும் மெதுவாக ஓட்டினாள்.

முதல் வளைவு தாண்டியபோது பக்கக் கண்ணாடியில் சாலை மினுங்கியது. மழை ஈரம் என்று நினைத்தாள். அடுத்த வளைவிலும் மினுங்கியது. வண்டியை நிறுத்தி இறங்கினாள். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தண்ணீர், ஒரு சாண் உயரம், ஓரம் சிந்தாமல், பம்பருக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு நின்றுகொண்டிருந்தது. உள்ளே நகத்தளவில் ஒரு மீன். அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். ஏரி அதன் இடத்தில்தான் இருந்தது, அதன் கரையில் தம்பி சின்னதாகத் தெரிந்தான். அவள் இடது ஓரமாகச் சில அடிகள் நடந்து பார்த்தாள், தண்ணீரும் அந்தப் பக்கம் வந்தது. வலது ஓரம் போனாள், வந்தது. சாலையில் வேறு யாரும் இல்லை. அவள் திரும்பி வந்து காரின் மறுபக்கக் கதவைத் திறந்தாள்.

"ஏறு" என்றாள்.

அது ஏறி, அவள் பாடம் சொல்லும்போது உட்காரும் பக்கத்துப் பிரேக்குக்குக் கீழே, கால் மிதியில் படுத்துக்கொண்டது. இப்போது அது பயிற்சிப் பள்ளியின் முன்னறையில் மேசைக்கு அடியில் இருக்கிறது. வெயிலில் கொஞ்சம் சுருங்கும், மழைக்குக் கொஞ்சம் பெருகும். மீன் இரண்டு விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. புதிதாக ஓட்டக் கற்க வருகிறவர்கள் தரையில் தண்ணீர் கிடக்கிறதே என்று துணியைத் தேடினால், "அது என்னோட வந்தது, நீங்க உக்காருங்க" என்பாள் டீச்சர். மத்தியானம் வீட்டுக்குப் போய் மேசையில் தட்டு வைத்து உட்கார்ந்து சாப்பிடுகிறாள், அது நாற்காலிக்குக் கீழே இருக்கும். மாலையில் வகுப்பு முடிந்ததும் விளக்கை அணைத்துவிட்டு, கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு வாசலில் நிற்பாள். அது நிதானமாக வெளியே வந்து படியிறங்கும். வந்த பிறகு பூட்டுவாள்.